நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது: கால் நாடி அடைப்புப் பற்றி ஒரு மகளுக்கு எழுதிய பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலை உவர்மலையில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 63 வயது. பதினைந்து வருடமாகச் சலரோகம், பிரஷருக்கும் குளிசை எடுக்கிறார். பீடியைக் குறைத்திருக்கிறார், விடவில்லை. கோணேசர் கோயில் ஏற்றத்தில் கொஞ்சத் தூரம் போனதும் வலது கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கிறது. கடையோரமாக நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடுகிறது. திரும்ப நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்பவும் பிடிக்கிறது. அயலில் வாதம் என்கிறார்கள். எண்ணெய் போட்டு உருவுகிறார்கள், கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்கும் கூட்டிப் போகிறார்கள். கிளினிக்கில் “காலுக்குப் போற நாடியில அடைப்பு இருக்கு” என்று சொல்லியிருக்கிறார்கள். “அக்கா, இனி அப்பாவை நடக்க விடலாமா? காலை எடுக்க வேண்டி வருமா?” இதுதான் கேள்வி.

தங்கச்சி, அப்பா நடக்கத்தான் வேண்டும். அவருடைய காலுக்கு இருக்கிற நல்ல மருந்துகளில் நடையும் ஒன்று. காலை எடுக்க வேண்டி வருமா என்றால், நீங்கள் எழுதியிருக்கிற நிலையில் பெரும்பாலும் வராது. ஆனால் அந்தப் ‘பெரும்பாலும்’ அவருடைய பீடியிலும், பாதத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளும் விதத்திலும் தங்கியிருக்கிறது. சத்திரசிகிச்சை வார்டிலும், கால் புண்ணுக்கு மருந்து கட்டும் அறையிலும் நெடுங்காலம் தாதியாக வேலை செய்தவள் நான். காலை இழந்தவர்களில் கனபேர் இந்த நோவு தொடங்கிய காலத்தில் வராமல், விரல் கறுத்த பிறகு வந்தவர்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இதயத்தில் இருந்து காலுக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி ஒடுங்குவதுதான் இந்த நோய். டொக்டர்மார் சுருக்கமாகப் பி.ஏ.டி. என்பார்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வரும் வாய்க்காலில் மண் படிந்தால் தம்பலகாமத்தில் முதலில் காய்வது கடைவயல்தான். உடம்பில் கடைவயல் கால்விரல். சும்மா இருக்கும்போது தசைக்குக் கொஞ்ச இரத்தம் போதும், அதனால் கதிரையில் இருக்கும்போது அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் ஏறும்போது கெண்டைத் தசை பல மடங்கு இரத்தம் கேட்கும். ஒடுங்கிய வழியால் அவ்வளவும் வராது. ஒட்சிசன் போதாமல் தசை பிடித்துக்கொள்கிறது. நின்றதும் தேவை குறைகிறது, நோவு போகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரே தூரத்தில் வருவதற்குக் காரணமும் இதுதான்.

எந்த இடம் நோகிறது என்பதும் ஒரு அடையாளம். கெண்டைக்கால் என்றால் அடைப்பு அநேகமாகத் தொடையில் ஓடும் நாடியில் இருக்கும். தொடையும் பிட்டமும் பிடித்தால் அடைப்பு இன்னும் மேலே, இடுப்புப் பக்கத்தில். சலரோகக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய நாடிகளே கூடுதலாகப் பழுதாகும், அதனால் அவர்களில் சிலருக்கு நடக்கும்போது நோவே வராமல் நேரே விரலில் புண்ணாகத்தான் தெரியவரும். அப்பாவுக்கு நோவு வந்து உங்களுக்குத் தெரியவந்ததே நல்லது.

வாதம் என்று சொல்பவர்களைக் கோபிக்க வேண்டாம், காலில் வருகிற நோவுகள் ஒன்றுபோலத்தான் தோன்றும். ஆனால் வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். முதுகெலும்பில் நரம்பு நெரிபட்டு வரும் கால் நோவு வெறுமனே நின்றால் போகாது. இருக்க வேண்டும், அல்லது முன்னுக்குக் குனிய வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நடக்க முடியாவிட்டாலும் சைக்கிள் ஓடுவார்கள். முழங்கால் தேய்வு மூட்டிலே நோகும், எழும்பும்போதே நோகும். சலரோகத்தால் நரம்பு பழுதாகி வரும் எரிவு இரண்டு பாதத்திலும் இருக்கும், நடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நடந்தால் வருவதும், நின்ற நிலையிலேயே சில நிமிடத்தில் போவதும் நாடி அடைப்பின் குணம். சலரோகக்காரர் ஒருவருக்கு இரண்டு மூன்று ஒன்றாகவும் இருக்கலாம். அதனால் சோதித்து உறுதிப்படுத்த வேண்டும்.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியவை சில உண்டு. பாதத்தின் மேற்பக்கத்தில், பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நேரே மேலே வந்து நடுப்பாதத்தில் இரண்டு மூன்று விரல்நுனிகளை மெதுவாக வையுங்கள். அங்கே ஒரு நாடித் துடிப்பு இருக்கும். உட்கணுக்காலின் பின்பக்கத்தில் இன்னொன்று. அழுத்தி வைத்தால் உங்கள் விரலின் துடிப்பே தெரியும், அதனால் மெதுவாக வைக்க வேண்டும். முதலில் உங்கள் காலில் தேடிப் பழகுங்கள், பிறகு அப்பாவின் இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேற்பாதத் துடிப்பு சில நல்ல கால்களிலும் தெரியாது, அது ஒன்றை வைத்துப் பயப்பட வேண்டாம். பிறகு அவரைப் படுக்க வைத்துக் காலை ஒரு நிமிடம் உயர்த்திப் பிடியுங்கள். அடைப்புக் கடுமை என்றால் உள்ளங்கால் வெளிறும். எழுப்பி இருத்திக் காலைத் தொங்கவிட்டதும் கொஞ்ச நேரத்தில் கருஞ்சிவப்பாக மாறும். ரோமம் உதிர்ந்து, தோல் மினுங்கி, நகம் தடித்து, ஒரு பாதம் மற்றதைவிடக் குளிர்ந்திருப்பதும் அடையாளங்களே.

கிளினிக்கில் கேட்க வேண்டிய சோதனை கணுக்கால் பிரஷரையும் கைப் பிரஷரையும் ஒப்பிடுவது. கையில் கட்டும் அதே பட்டியைக் கணுக்காலுக்கு மேலே கட்டி, சின்ன டொப்ளர் கருவியால் நாடியின் சத்தத்தைக் கேட்டு அளப்பார்கள். ஊசி இல்லை, நோவு இல்லை. கணுக்கால் அளவைக் கை அளவால் பிரிக்க வேண்டும். கையில் 150, கணுக்காலில் 105 என்றால் 0.7. சாதாரணமாக 1.0 முதல் 1.4 வரை இருக்கும். 0.9 அல்லது அதற்குக் குறைந்தால் அடைப்பு உண்டு, 0.4க்குக் கீழே போனால் கடுமை. ஆனால் நீண்டகாலச் சலரோகக்காரருக்கும் சிறுநீரக நோயாளிக்கும் நாடிச் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால் பட்டியால் நெரிக்க முடியாமல் 1.4க்கு மேலே காட்டும், அல்லது அடைப்பு இருந்தும் நல்ல இலக்கம்போலக் காட்டும். “அளவு நல்லா இருக்கு” என்று யாராவது சொல்லி, அப்பாவின் நோவு அப்படியே இருந்தால், கால்விரலில் பிரஷர் அளக்கலாமா, டொப்ளர் ஸ்கான் எடுக்கலாமா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இனி, காலைவிடப் பெரிய விசயம் ஒன்று. நடக்கும்போது மட்டும் நோகிற நிலையில் இருக்கும் நூறு பேரை ஐந்து வருடம் கவனித்தால், 70 முதல் 80 பேருக்குக் கால் அப்படியேதான் இருக்கும். காலுக்கே ஆபத்தாகும் நிலைக்குப் போவது ஒருவரோ இருவரோ. சலரோகமும் புகையும் சேர்ந்தவர்களுக்கு அது கூடும். ஆனால் அதே நூறு பேரில் ஏறக்குறைய 20 பேருக்கு மாரடைப்போ பாரிசவாதமோ வந்து தப்பியிருப்பார்கள், 10 முதல் 15 பேர் இறந்துவிட்டிருப்பார்கள், அதிலும் கூடுதலானோர் இதய, மூளை நாடிகளின் நோயால். காலில் படிந்தது காலில் மட்டும் படிவதில்லை. எனவே டொக்டர் தருகிற குளிசைகள் கால் நோவைக் குறைக்கவில்லையே என்று நிறுத்திவிட வேண்டாம். அவற்றில் பல அப்பாவின் இதயத்தைக் காப்பதற்கே.

அதில் ஒன்று அட்டோர்வஸ்டட்டின் போன்ற ஸ்டட்டின் குளிசை. “கொலஸ்ட்ரோல் நோர்மல், ஏன் குளிசை?” என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். நாடியில் அடைப்பு இருக்கிறவருக்குக் கொலஸ்ட்ரோல் அளவு எப்படி இருந்தாலும் இது தேவை, படிந்திருப்பது வெடித்து இரத்தம் உறையாமல் காக்கிறது. மற்றது இரத்தத் தட்டுக்கள் ஒட்டாமல் இருக்க அஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெல் 75 மில்லிகிராம். எது, ஒன்றா இரண்டா என்பதை டொக்டர் தீர்மானிக்கட்டும், பல்லுப் பிடுங்கப் போகும்போதும் தானாக நிறுத்தக் கூடாது. பிரஷர் குளிசை, சலரோக மருந்து ஒழுங்காக. இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அநேகருக்கு 7 வீத அளவில் இருந்தால் நல்லது. நடை தூரத்தைக் கூட்டுவதற்கென்றே சிலொஸ்டசோல் என்று ஒரு குளிசை உண்டு, சிலருக்கு உதவும். இதயம் பலவீனமானவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. தெரிந்தவர் எடுத்தார் என்று பார்மசியில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

பீடி. குறைத்தது போதாது தங்கச்சி. புகை நாடியை அந்தந்த நேரத்திலும் சுருக்கும், நெடுங்காலத்தில் சுவரையும் அரிக்கும், இரத்தத்தையும் உறைய வைக்கும். அடைப்புக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டும் புகையை விடாதவருக்குப் போட்ட புதுவழி திரும்ப அடைபடுவதும், புண் ஆறாமல் இழுபடுவதும் வார்டில் சாதாரணமாகக் காண்பது. வெற்றிலையோடு புகையிலை போட்டால் பரவாயில்லை என்றும் நினைக்க வேண்டாம், அதிலும் நிக்கொட்டின் உண்டு. உங்கள் வீட்டில் அல்லது அயலில் 45 வயதுக்குக் குறைந்த, புகைக்கிற ஆண் யாருக்காவது உள்ளங்கால் நடக்கும்போது நொந்து, விரல் நிறம் மாறினால், அது பேர்கர் நோயாக இருக்கலாம். லியோ பேர்கர் என்ற வைத்தியர் 1908இல் விவரித்தது. கொழுப்புப் படிவால் வருவதல்ல, புகையிலையால் நாடி வீங்கி அடைபடுவது. புகையிலையை முழுதாக விட்டவருக்குப் பெரும்பாலும் கால் தப்பும். ஒன்றிரண்டு என்று தொடர்கிறவருக்கு விரல் விரலாகப் போகும். கடலுக்குப் போகிற இளம் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நடைக்கு வருவோம். இதை எல்லாரும் “நடக்கட்டும்” என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுவார்கள், எப்படி என்று சொல்வதில்லை. அப்பா கெண்டைக்கால் பிடிக்கத் தொடங்கியதும் நிற்கிறார். அதற்குக் கொஞ்சம் பிறகு நிற்க வேண்டும். நோவு நடுத்தரமாக ஏறும்வரை, ‘இதுக்கு மேல கஷ்டம்’ என்று அவரே சொல்லும் அளவுக்கு நடந்து, பிறகு நின்று, நோவு முற்றாகப் போனதும் திரும்ப நடக்க வேண்டும். நடை, நிற்பு, நடை என்று எல்லாம் சேர்த்துத் தொடக்கத்தில் அரை மணித்தியாலம், சில கிழமையில் முக்கால் மணித்தியாலம் வரை. கிழமைக்குக் குறைந்தது மூன்று நாள். முதல் கிழமையில் வித்தியாசம் தெரியாது, மனம் விட்டுவிடுவார். பன்னிரண்டு கிழமை விடாமல் செய்தால் நோவில்லாமல் போகிற தூரம் கூடும், பலருக்கு இரட்டிப்பாகும். அடைப்பு கரைவதில்லை. தசை கிடைக்கிற ஒட்சிசனைச் சிக்கனமாகப் பாவிக்கப் பழகுகிறது, பக்கத்துச் சின்னக் குழாய்கள் விரிந்து கொடுக்கின்றன. நோவில் நடந்தால் கால் பழுதாகும் என்ற பயம் வேண்டாம், இந்த நோவு காயம் அல்ல.

இடம் முக்கியம். கோணேசர் கோயில் ஏற்றத்தில் பழக வேண்டாம், சீக்கிரம் பிடித்து அவரை விரக்தியாக்கும். உட்துறைமுகக் கடலோர வீதி மட்டமானது, டச்சுக் குடாப் பக்கமும் நல்லது. காலை ஆறு, ஆறரைக்கு வெயில் ஏற முதல் போய்விடுங்கள். எந்த விளக்குக் கம்பத்தில் பிடித்தது, எதில் நின்றார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கம்பம் ஒன்று தள்ளிப் போகும் நாள் அவருக்கே உற்சாகம் வரும். கூட ஒருவர் போவது நல்லது. நிலாவெளி, உப்புவெளி மணலில் வெறுங்காலோடு நடப்பது சுகம்தான், ஆனால் மணல் தசையை இருமடங்கு களைக்க வைக்கும், சிப்பியும் போத்தல் துண்டும் கால் உணர்வு குறைந்தவருக்குத் தெரியாது. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ மூச்சு முட்டினாலோ நிறுத்தி உடனே காட்ட வேண்டும். பாதத்தில் புண் இருந்தாலோ, படுத்திருக்கும்போதே நோவு இருந்தாலோ இந்த நடைப் பயிற்சி செய்யக் கூடாது, முதலில் வைத்தியர்.

கன்னியாவுக்கும் எண்ணெய்க்கும் என் பதில் இது. உடம்புக்கு வெந்நீர் ஊற்றிக் குளிப்பதில் பிழை சொல்லமாட்டேன், அங்கே போவதில் அப்பாவுக்கு மனநிம்மதியும் இருக்கும். பாதத்தைச் சூட்டில் வைத்திருக்க வேண்டாம், அந்தத் தளத்தில் வெறுங்காலோடு திரிய வேண்டாம். வீட்டில் கொதிதண்ணி ஒத்தடமும் சூட்டுப் பையும் இன்னும் ஆபத்து. நரம்பு மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது. இரத்தம் குறைந்த தோல் சின்னக் கொப்புளத்தைக்கூட ஆற்றமாட்டாது. அப்படி வந்த கொப்புளம் ஒன்றால் குதிக்கால் முழுதும் கறுத்துப் போனவருக்கு என் கையால் மருந்து கட்டியிருக்கிறேன். எண்ணெயை மெதுவாகப் பூசலாம், அழுத்தி உருவக் கூடாது, கீறி இரத்தம் எடுப்பது கூடவே கூடாது. வீக்கத்துக்கு என்று விற்கிற இறுக்கக் காலுறைகளும் கணுக்கால் பிரஷர் அளக்காமல் போடக் கூடாது.

ஒவ்வொரு இரவும் அப்பாவின் பாதத்தை நல்ல வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். அவருக்குக் குனிந்து பார்க்கக் கஷ்டம், கண்ணும் சலரோகத்தால் மங்கியிருக்கலாம். குதிக்கால், விரல்நுனி, விரல்களுக்கு இடை. வெடிப்பு, சிவப்பு, கொப்புளம், ஈரம், கறுப்புப் புள்ளி. கழுவும் தண்ணியை உங்கள் முழங்கையால் சோதியுங்கள். விரலிடைகளை ஒற்றித் துடையுங்கள், குதிக்காலுக்குத் தேங்காயெண்ணெய் பூசலாம், விரலிடையில் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியை பிளேட்டால் சீவுவதையும், ஆணிக்கென்று விற்கும் அமில பிளாஸ்டர் ஒட்டுவதையும் விட்டுவிடுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு. வாங்கும்போது பின்நேரம் போய், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு பார்த்து, விரல் மூடிய அகலமானதாக வாங்குங்கள். கோயிலுக்குப் போகாதீர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள், சொன்னால் அப்பா கேட்கவும்மாட்டார். மத்தியான வெயிலில் கல் கொதிக்கும் நேரத்தைத் தவிர்த்துக் காலைப் பூசைக்கோ மாலைப் பூசைக்கோ போங்கள். வாசல்வரை செருப்போடு போய், வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள்.

எப்போது பயப்பட வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இரவில் படுத்தால் விரல்களும் முன்பாதமும் நொந்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் சுகம் என்கிறார், கதிரையில் இருந்தபடியே தூங்குகிறார் என்றால் அது அடுத்த கட்டம். தொங்கவிட்டே இருப்பதால் பாதம் வீங்கும். வீட்டார் நீர் போட்டிருக்கிறது, சிறுநீரகம் என்று நினைத்துக் காலை உயர்த்தி வைப்பார்கள், நோவு இன்னும் கூடும். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், கறுத்த விரல், நாற்றம், காய்ச்சல் எல்லாம் இந்தக் கட்டம்தான். கிளினிக் திகதி அடுத்த மாதம் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அதைவிட அவசரமானது திடீரென்று வருவது. ஒரு கால் சில நிமிடத்திலோ மணித்தியாலத்திலோ கடுமையாக நொந்து, வெளிறிக் குளிர்ந்து, விறைத்து, விரல் அசைக்க முடியாமல் போனால் நாடி முழுதாக அடைபட்டுவிட்டது. தசைக்கு இருப்பது ஏறக்குறைய 6 மணித்தியாலம். உருவக் கூடாது, சூடு வைக்கக் கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். மூதூர், கிண்ணியா, சம்பூர்ப் பக்கத்தவர்கள் விடியட்டும் என்று காத்திருந்தால் அந்த நேரம் பாதையிலேயே கரைந்துவிடும். சிறப்புச் சத்திரசிகிச்சைக்குக் கண்டி, கொழும்பு என்று மாற்ற வேண்டி வந்தால் அதற்கும் நேரம் தேவை.

சத்திரசிகிச்சை பற்றியும் கேட்பீர்கள். கவட்டில் ஊசி வழியாகப் பலூன் விட்டு நாடியை விரிப்பது, ஸ்டென்ட் வைப்பது, காலின் சொந்த நாளத்தையே எடுத்து அடைப்பைச் சுற்றிப் புதுவழி போடுவது என்று வழிகள் உண்டு. நடக்கும்போது மட்டும் நோகிற அப்பாவுக்கு இவை முதல் வைத்தியம் அல்ல. மூன்று நான்கு மாத நடை, மருந்து, புகையை விடுதல் எல்லாம் செய்தும் வாழ்க்கை முடங்கினால் யோசிக்கலாம். பலூன் விரித்த இடம் திரும்ப ஒடுங்குவதும் உண்டு. இரவு நோவு, ஆறாத புண் என்று வந்தவருக்கோ தாமதிக்காமல் காலுக்கு இரத்தம் போக வழி செய்ய வேண்டும். படம் எடுக்கும்போது ஏற்றும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியட்டினின் சோதனை பார்த்தார்களா, சலரோகத்துக்கு எடுக்கிற மெட்போமின் குளிசையை நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் ஞாபகம் வைத்திருங்கள். எப்போதாவது “விரலை எடுக்க வேணும்” என்ற நிலை வந்தால், கையொப்பம் வைக்க முதல், “காலுக்கு இரத்தம் போகுதா என்று பார்த்தாச்சா, கூட்டுவதற்கு வழி இருக்கா?” என்று கேளுங்கள். இரத்தம் போகாத காலில் விரலை எடுத்தால் அந்த வெட்டே ஆறாது. பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழ் என்று ஏறும். கிருமி இரத்தத்தில் ஏறி உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்க நேரம் இருக்காது. எடுக்கத்தான் வேண்டும் என்றால் முழங்கால் மூட்டைக் காப்பாற்ற முடியுமா என்பது பெரிய கேள்வி. மூட்டு இருந்தால் செயற்கைக் காலோடு நடப்பது எவ்வளவோ இலேசு.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அப்பா எடுக்கிற எல்லாக் குளிசைகளையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். நடைக் கொப்பியையும் காட்டுங்கள். ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்களும் கூடப் பிறந்தவர்களும் 35 வயதைத் தாண்டியிருந்தால், பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் சீனியும் பிரஷரும் கொலஸ்ட்ரோலும் இலவசமாகப் பார்ப்பார்கள், அதே பயணத்தில் அதையும் முடித்துவிட்டு வாருங்கள்.